அரிவாள் செல்லும் மலேரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி உயிரியலில் அரிவாள் செல் சோகை ஒரு பக்கத்தில் வந்து போகும். அடிக்கோடு போட்டுப் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுவோம். அதைப் பல வருஷம் வகுப்பில் நடத்தியவன் நான். மணி அடித்த பிறகு பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று கேட்ட கேள்விகள் பாடத்தைவிட எனக்குப் பிடித்திருந்தன. அவற்றோடு, பின்னாளில் பெரியவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அரிவாள் செல் நோய் என்றால் என்ன?

ரத்தச் சிவப்பணுவுக்குள் அடைந்து கிடப்பது ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து உடம்பெங்கும் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. அரிவாள் செல் நோய் உள்ளவர்களின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கிய பிறகு ஒன்றோடொன்று ஒட்டி நீளமான நார்களாகத் திரிந்துவிடுகிறது. உள்ளே நார் நீண்டால் வெளிப்பை சும்மா இருக்குமா? வட்டமாக, வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த சிவப்பணு விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி ஆகிவிடுகிறது. பெயர் அதனால் வந்தது.

விறைத்த செல் மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் ரத்தம் போகாது. எலும்பில், நெஞ்சில், வயிற்றில் தாங்க முடியாத வலி வரும். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும்; இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும், அதனால் ரத்த சோகை. சின்ன வயதிலேயே மண்ணீரல் செயலிழந்துவிடுவதால் கிருமித் தொற்று எளிதில் பிடித்துக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பக்கவாதம்கூட வருகிறது.

ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பெற்றோரிடமிருந்து மட்டுமே வரும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு எழுத்தா?

ஆமாம். 11ஆம் குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் (ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலிக்கான செய்முறை இது) டி.என்.ஏ. எழுத்து ஒன்று மாறியிருக்கிறது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. அதனால் 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஆறாவது மணி மட்டும் வேறாகிவிடுகிறது: குளூட்டமிக் அமிலம் போய் வேலின் வந்து உட்கார்கிறது. குளூட்டமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலினோ எண்ணெய் மாதிரி, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். பக்கத்து மூலக்கூறில் ஒளிந்துகொள்ள ஒரு பள்ளம் கிடைத்தால் அதில் போய்ப் பொருந்திக்கொள்ளும். நார் திரிவது இப்படித்தான்.

இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறுபட்டது என்று 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். 'மூலக்கூறு நோய்' என்ற பெயர் அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. மாறியிருப்பது எந்த மணி என்பதைச் சில வருஷம் கழித்துக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் கண்டுபிடித்தார்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

பாடப் புத்தகம் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் என்று சொல்லும். 1904இல் கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற மாணவர் மருத்துவமனையில் சேர்ந்தார். ஹெரிக்கிடம் பயிற்சியில் இருந்த எர்னஸ்ட் ஐரன்ஸ் அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, விநோதமான வளைந்த செல்களை வரைந்து வைத்தார். 1910இல் ஹெரிக் அதைக் கட்டுரையாக எழுதினார். நோயல் ஊர் திரும்பிப் பல் மருத்துவம் பார்த்தார், 1916இல் இறந்துவிட்டார். கட்டுரை ஹெரிக்குக்குப் புகழ் தந்தது, செல்லை முதலில் பார்த்த ஐரன்ஸ் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் மேற்கு ஆப்பிரிக்கர்களுக்கு இது புதிதில்லை. கானாவில் பல மொழிகளில் இதற்குப் பெயர் இருந்தது. கா மொழியில் 'ச்வெச்வேச்வே'. வலி விட்டுவிட்டுக் குத்துவதையே ஒலிக்கும் சொல், நாம் விண்விண் என்று தெறிக்கிறது என்போமே, அது போல. கானாவைச் சேர்ந்த மருத்துவர் பீலிக்ஸ் கொனோடே-அஹுலு தன் குடும்பத்தில் இந்த நோய் யார் யாருக்கு இருந்தது என்று 1670 வரை பின்னோக்கிப் பட்டியலிட்டார். சிகாகோவில் நடந்ததை நுண்ணோக்கியில் முதல் தரிசனம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கேரியர் என்றால் நோயாளியா?

இல்லை. வகுப்பில் இந்தச் சொல் வந்தாலே "டிபன் கேரியரா சார்?" என்று ஒரு குரல் வரும். சிரித்துவிட்டு, அதையே உதாரணமாக வைத்துக்கொள்வேன். தூக்கிக்கொண்டு போகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் வேறொருவர்.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி: அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. இரண்டும் சாதாரணம் என்றால் 'ஏ.ஏ'. ஒன்று மட்டும் அரிவாள் என்றால் 'ஏ.எஸ்', இவர்தான் கேரியர். இரண்டும் அரிவாள் என்றால் 'எஸ்.எஸ்', அதுதான் நோய். கேரியரின் சிவப்பணுவில் நல்ல ஹீமோகுளோபின் பாதிக்கு மேல் இருப்பதால் நார் திரிய விடாது. பெரும்பாலோர் தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

குழந்தையிலேயே கொல்லும் மரபணு ஏன் இன்னும் ஒழியவில்லை?

இதுதான் கேள்வி. மற்றவை எல்லாம் இதற்கு முன்னும் பின்னும் வருபவை.

மருத்துவ வசதி இல்லாத காலத்தில் 'எஸ்.எஸ்' குழந்தைகள் பெரும்பாலும் வளர்ந்து பிள்ளை பெறும் வயதை எட்டவில்லை. ஒவ்வொரு சாவிலும் இரண்டு அரிவாள் மரபணுக்கள் மண்ணுக்குள் போயின. இப்படியே போனால் அது அரிதாகிப்போக வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல், கேரியர். எங்கோ ஒரு வரவு இருந்தால்தானே இவ்வளவு செலவைத் தாங்க முடியும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கற்பனை ஊர்தான். அங்கே பீட்டா குளோபின் மரபணுக்களில் பத்தில் ஒன்று அரிவாள் வகை. 1000 குழந்தைகள் பிறந்தால் 810 பேர் 'ஏ.ஏ', 180 பேர் 'ஏ.எஸ்', 10 பேர் 'எஸ்.எஸ்'. அந்தப் பத்துப் பேரும் இறந்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். ஊரில் மலேரியாவும் இருக்கிறது. கேரியர்களை அது கொல்வதில்லை; சாதாரணக் குழந்தைகளில் ஒன்பதில் ஒருவரைக் கொண்டுபோகிறது. 810இல் 90 பேர் போய்விட்டார்கள், மீதி 720.

இப்போது எண்ணுங்கள். உயிரோடு இருப்பவர்கள் 720உம் 180உம் சேர்ந்து 900 பேர். ஆளுக்கு இரண்டு வீதம் 1800 மரபணு. அதில் அரிவாள் மரபணு, கேரியருக்கு ஒன்று வீதம் 180. அதாவது பத்தில் ஒன்று. ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்கிறது! அடுத்த தலைமுறையிலும் இதே கணக்கு. மலேரியா இன்னும் கடுமையானால் அரிவாள் மரபணு கூடும், தணிந்தால் குறையும். தராசு மாதிரி ஓர் இடத்தில் வந்து நின்றுகொள்ளும்.

கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு கைதட்டும். பின்பெஞ்சில் ஒரு பெண் மட்டும் ஒருமுறை கேட்டாள்: "அப்போ அந்தப் பத்துப் பிள்ளைங்க, சார்?" புத்தகங்களில் 'கலப்பு மரபின் சாதகம்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்குச் சாதகம் என்று கேட்டால், 180 பேருக்கு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் அந்தப் பத்துப் பேர். மலேரியாவில் போன 90 பேரும் கணக்கில் இருக்கிறார்கள். இயற்கைத் தேர்வு செத்த குழந்தைகளை வைத்துத்தான் கணக்கு எழுதுகிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பெயரைக் கொஞ்சம் தயங்கித்தான் உச்சரிப்பேன்.

மலேரியாதான் அந்த வரவு என்று எப்படித் தெரிந்தது?

கென்யாவில் வளர்ந்த அந்தோணி ஆலிசன் 1949இல் ஆக்ஸ்போர்டு மாணவராக அங்கே ஓர் ஆய்வுப் பயணம் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஒரு வினோதம். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் கேரியர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல். உயர்ந்த மலைப் பகுதிகளில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. கொசுவும் மலேரியாவும் இருக்கும் இடத்தில் மரபணு இருக்கிறது, இல்லாத இடத்தில் இல்லை. பொறி தட்டியது. படிப்பை முடித்துவிட்டு 1953இல் திரும்பிப் போய்ச் சோதித்து, 1954இல் வெளியிட்டார்.

அதில் ஒரு சோதனை: லுவோ இனத்து ஆண்கள் 30 பேர் முன்வந்தார்கள், 15 பேர் கேரியர், 15 பேர் இல்லை. எல்லோருக்கும் மலேரியா ஒட்டுண்ணியை வேண்டுமென்றே ஏற்றினார்கள். கேரியர் அல்லாதவர்களில் 14 பேருக்கு மலேரியா பிடித்தது. கேரியர்களில் 2 பேருக்கு மட்டும். இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. அன்றைக்கும் எல்லோரும் ஆலிசன் சொன்னதை ஏற்றுவிடவில்லை. பிறகு பல நாடுகளில் குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்வுகள்தான் விஷயத்தை உறுதியாக்கின. கடுமையான மலேரியா வரும் ஆபத்து கேரியர் குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதம் குறைவு.

இதே யோசனையைத் தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த சோகையை வைத்து அதே காலத்தில் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957இல் கொல்கத்தாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார். வேட்டியும் ஜிப்பாவுமாக அவர் இருக்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அரிவாள் மரபணு மலேரியாவை எப்படித் தடுக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நோய் எதிர்ப்புச் சக்தி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வகையைச் சேர்ந்ததல்ல. தடுப்பூசி போட்டாற்போல் உடம்பு கிருமியைக் கற்றுக்கொள்வது ஒன்று. இங்கே மாறியிருப்பது கிருமி வந்து குடியேறும் வீடு.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம் என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று பெருகுகிறது. கேரியரின் சிவப்பணுவில் அது வளரும்போது ஆக்சிஜன் குறைந்து, சாதாரணமாக அரிவாளாகாத அந்தச் செல்லும் அரிவாளாகத் தொடங்குகிறது. மண்ணீரல் அப்படி உருக்கெட்ட செல்களைப் பிடித்து அழித்துவிடும். ஒட்டுண்ணியும் வீட்டோடு சேர்ந்து போகும். ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஒட்டுண்ணியின் வளர்ச்சியும் பாதியில் நின்றுவிடுகிறது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஃபால்சிபேரம் ஏன் இவ்வளவு கொடியது? தான் குடியிருக்கும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம் ஒன்றை நட்டுவைக்கிறது. அதனால் அந்தச் செல்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்குப் போகாமல் தப்பிக்கின்றன. மூளையின் நுண்குழாய்களில் ஒட்டினால் மூளை மலேரியா. கேரியரின் செல்லில் இந்தப் புரதத்தை மேலே கொண்டுபோகும் ஏற்பாடே கோணலாகிவிடுகிறது. புரதம் குறைவாக, தாறுமாறாக வந்து சேர்கிறது. செல் சரியாக ஒட்டுவதில்லை. கேரியர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆளைக் கொல்லும் நிலைக்குப் போகாததற்கு இது முக்கியக் காரணம்.

அப்படியானால் அரிவாள் செல் நோயாளிக்கு மலேரியா வரவே வராதா?

நேர்மாறு. ஏற்கெனவே சோகை, கெட்டுப்போன மண்ணீரல். மலேரியா வந்தால் அவர்களுக்கு மிக ஆபத்து. ஆப்பிரிக்க நாடுகளில் இந்தக் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பு மருந்து கொடுப்பதே அதனால்தான்.

மலேரியாவை எதிர்க்க உடம்பு இந்த மரபணுவை உண்டாக்கிக்கொண்டதா?

விடைத்தாள்களில் அதிகம் பார்த்த வாக்கியம் இது. தவறு. எழுத்துப் பிழை தற்செயலாக வந்தது. மலேரியா அதை அழைக்கவில்லை. மலேரியா இல்லாத ஊரில் இதே பிழை வந்திருந்தால் சில தலைமுறையில் காணாமல் போயிருக்கும். அப்படிப் போனவை எத்தனையோ.

பிழை எத்தனை முறை வந்தது என்பதில் ஒரு பழைய சர்ச்சை உண்டு. அரிவாள் மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அமைப்பை வைத்து பெனின், செனகல், கேமரூன், பாண்டு, அரேபிய-இந்திய என்று ஐந்து வகை பிரித்தார்கள். ஐந்து இடத்தில் தனித்தனியாகப் பிறந்தது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2018இல் டேனியல் ஷ்ரைனரும் சார்லஸ் ரோடிமியும் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே ஒருவரிடம் தோன்றியிருக்கலாம் என்று கணித்தார்கள். சகாரா பச்சைப் பசேலென்று இருந்த காலம் அது. அந்த ஒருவர் கேரியராக, நோயின்றி வாழ்ந்திருப்பார். இன்றைய நோயாளிகள் அத்தனை பேருக்கும் அவர் ஒரு வழிப் பாட்டனாரோ பாட்டியோ என்று நினைத்தால் கொஞ்சம் சிலிர்க்கிறது.

விவசாயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

1958இல் மானிடவியலாளர் பிராங்க் லிவிங்ஸ்டன் சொன்னது. அடர்ந்த காட்டில் வெயில் படும் குட்டைகள் குறைவு; ஆப்பிரிக்காவின் பெரும் மலேரியாக் கொசுவான அனோபிலிஸ் காம்பியேவுக்கு வெயில் படும் தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். காட்டை வெட்டிப் பயிர் வைத்தபோது கொசுவுக்கு வீடு கிடைத்தது, ஜனம் ஓரிடத்தில் கூடிக் குடியிருந்ததால் சாப்பாடும் கிடைத்தது. மலேரியா பெருக, அரிவாள் மரபணுவும் பெருகியது. மனிதன் தன் பழக்கத்தால் தன் பரிணாமத்தையே திருப்பிவிட்டான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பால் செரிக்கும் மரபணு ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் மேலே சொன்ன 7,300 ஆண்டு சரியென்றால், பிழை தோன்றியது மேற்கு ஆப்பிரிக்க விவசாயத்துக்கும் முன்னால். விவசாயம் பரப்பியிருக்கலாம், தொடக்கி வைக்கவில்லை.

இது கறுப்பின மக்களின் நோய்தானே?

அமெரிக்கா அப்படி நம்பியது, உலகமும் கேட்டுக்கொண்டது. கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸ் பகுதியிலும், சிசிலியிலும், துருக்கியின் தென்பகுதியிலும், சவுதி அரேபியாவிலும், மத்திய இந்தியாவிலும் இந்த மரபணு உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஹோசா மக்களிடம் கிட்டத்தட்ட இல்லை. தோல் நிறத்தை வைத்து வரைபடம் போட்டால் பொருந்தாது. பழைய மலேரியா வரைபடத்தின்மேல் வைத்தால் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவில் இது இருப்பது முதலில் வெளிப்பட்ட இடங்களில் ஒன்றே நீலகிரிதான். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் பண்பை, அதாவது கேரியர் நிலையை, கண்டு எழுதினார்கள். இருளர், பணியர், குறும்பர் ஆகியோரிடையே இது இன்றும் உண்டு. எல்லை தாண்டி வயநாட்டிலும் உண்டு. ஊட்டியின் குளிரை நினைத்துக்கொண்டு மலேரியா எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். இவர்கள் காலங்காலமாக வாழ்ந்தது மலைச் சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும். அங்கே மலேரியா பேர்போனது.

இந்தியாவில் காணப்படுவது அரேபிய-இந்திய வகை. அந்த வகையினருக்கு, கருவில் இருந்தபோது வேலை பார்த்த சிசு ஹீமோகுளோபின் பிறந்த பிறகும் ஓரளவு மிச்சமிருக்கும். அது நார் திரிவதைத் தடுக்கும். அதனால் இந்தியாவில் இது லேசான நோய் என்று முன்பு சொல்லிவந்தார்கள். மத்திய இந்தியாவில் வலியில் துடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர்கள் அதை ஒப்புவதில்லை.

ஒன்றிய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது நோக்கம், ஒழிப்புக்குக் கெடு 2047. பழங்குடிப் பகுதிகளுக்கே முன்னுரிமை. 'ஒழிப்பு' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. மரபணு கொசு அல்ல, மருந்தடித்து ஒழிக்க. கேரியரை ஒழிக்கப்பட வேண்டியவர் மாதிரி ஊரார் பார்த்தால், பரிசோதனைக்கு யார் கையை நீட்டுவார்கள்?

வேறு எந்த ரத்தக் கோளாறுகள் மலேரியாவோடு தொடர்புடையவை?

ஒரு கூட்டமே இருக்கிறது. தலசீமியா மத்தியதரைக் கடலிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை. ஹீமோகுளோபின் ஈ தாய்லாந்து, கம்போடியா, நம் வடகிழக்கு மாநிலங்களில். ஹீமோகுளோபின் சி மேற்கு ஆப்பிரிக்காவில். இதுவும் அதே ஆறாவது மணியில் வந்த வேறொரு பிழை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உலகில் கோடிக்கணக்கானவர்களுக்கு. ஒரே எதிரிக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு பூட்டு.

டஃபி இதில் தனி ரகம். டஃபி என்ற ரத்த வகையை 1950இல் முதன்முதலில் விவரித்தவர்களில் ஒருவர், நீலகிரியில் பார்த்த அதே மேரி கட்புஷ். அந்த டஃபி புரதம்தான் விவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையும் கதவு என்று 1970களில் லூயி மில்லர் குழு காட்டியது. மேற்கு ஆப்பிரிக்கர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சிவப்பணுவில் அந்தக் கதவே கிடையாது; அங்கே விவாக்ஸ் மிக அரிது. அரிவாள் மாதிரி குழந்தைகளைப் பலி கேட்காத பூட்டு இது. அதனால்தான் தராசில் நடுவில் நிற்காமல் ஏறக்குறைய நூறு சதவீதத்துக்குப் போய்விட்டது.

சரி, இரண்டு பூட்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பா? கென்யாவின் கிலிஃபியில் தாமஸ் வில்லியம்ஸ் குழு 2005இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. அரிவாள் பண்பு தனியாக இருந்தால் காக்கிறது, ஆல்ஃபா தலசீமியா தனியாக இருந்தால் காக்கிறது. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் பாதுகாப்பு ஏறக்குறைய அற்றுப்போகிறது. ஆல்ஃபா தலசீமியா இருந்தால் செல்லில் அரிவாள் ஹீமோகுளோபினின் பங்கு குறைந்துவிடும் என்பது ஒரு விளக்கம்.

எல்லாப் பரம்பரை நோய்க்குள்ளும் இப்படி ஒரு நன்மை ஒளிந்திருக்குமா?

இல்லை. இந்தக் கதை அவ்வளவு நன்றாக இருப்பதால் எல்லா நோய்க்கும் இதையே ஒட்டப் பார்க்கிறார்கள். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியாவுக்கு எந்த மறைமுக லாபமும் கிடையாது. புதிய பிழைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால் அது நீடிக்கிறது. சிறு குழுக்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும்போது அரிய மரபணு தற்செயலாகப் பெருகுவதும் உண்டு. நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் மரபணு காலராவிலிருந்து காத்தது என்பது நல்ல ஊகம், அவ்வளவே.

ஆதாரத்தோடு நிற்பவை சில உண்டு. ஆப்பிரிக்காவில் தூக்க நோய் ஒட்டுண்ணியிடமிருந்து காக்கும் ஏ.பி.ஓ.எல்.1 மரபணு வகைகள், இரண்டு பிரதி சேர்ந்தால் சிறுநீரகக் கோளாறு வரும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2010இல் தெரிந்தது. அரிவாள் கதையின் தம்பி.

மலேரியாவை ஒழித்தால் அரிவாள் மரபணுவும் மறையுமா?

மறையும், ஆனால் அவசரப்படாது. மேலே போட்ட கற்பனை ஊரில் மலேரியா இன்றோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். 10 சதவீதம் இருந்த மரபணு 5 சதவீதமாகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும், சுமார் 250 ஆண்டு. அது மேலும் பாதியாக இன்னும் இருபது தலைமுறை. ஏன் வேகம் குறைகிறது? மரபணு அரிதாக ஆக, இரண்டு கேரியர்கள் சந்தித்து மணப்பதும் அரிதாகிறது. மரபணு கேரியர்களிடம் பத்திரமாக ஒளிந்துகொள்கிறது.

அதிலும் 'எஸ்.எஸ்' குழந்தைகள் எல்லோரும் இறப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நல்ல வைத்தியம் கிடைத்து அவர்கள் வாழ்ந்து பிள்ளை பெற்றால் இன்னும் மெதுவாகத்தான் குறையும், அதுதானே நமக்கும் வேண்டும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. மலேரியா போய்விட்டது; பழைய மலேரியாப் பகுதிகளில் தலசீமியா குழந்தைகள் ரத்தம் ஏற்றிக்கொள்ள இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் மலேரியாவே இன்னும் போகவில்லை. உலகில் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் அதில் இறக்கிறார்கள், பெரும்பாலோர் அங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கரும்பலகைக் கணக்கு அங்கே இன்றும் நடக்கிறது.

இவ்வளவு காலமாக ஒட்டுண்ணி சும்மாவா இருந்தது?

இல்லை என்று 2022இல் தெரிய வந்தது. காம்பியாவிலும் கென்யாவிலும் கடுமையான மலேரியாவோடு வந்த குழந்தைகளின் மரபணுவையும், அவர்களைத் தாக்கிய ஒட்டுண்ணியின் மரபணுவையும் சேர்த்துப் படித்தார்கள். அரிவாள் பண்பு உள்ள குழந்தைகளைத் தாக்கிய ஒட்டுண்ணிகளில் குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்கள் மிகுதியாக இருந்தன. அந்த மாற்றங்கள் உள்ள ஒட்டுண்ணி வந்தால் கேரியரின் பாதுகாப்பு பெரிதும் வேலை செய்வதில்லை. நாம் போட்ட பூட்டுக்குச் சாவி தயாராகிக்கொண்டிருக்கிறது.

சிகிச்சை எந்த அளவில் இருக்கிறது?

இங்கும் ஒரு பழைய கவனிப்பு கைகொடுத்தது. 1948இல் புரூக்ளின் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன், இந்த நோயோடு பிறக்கும் சிசுக்களுக்கு முதல் சில மாதங்கள் தொல்லை வராததைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது வேலை பார்க்கும் சிசு ஹீமோகுளோபின் அப்போது இன்னும் மிச்சமிருக்கும். அது போய், பெரியவர்களின் ஹீமோகுளோபின் வந்த பிறகுதான் நோய் தலைகாட்டும். ஆகவே அந்தச் சிசு ஹீமோகுளோபினைத் திரும்பக் கொண்டுவர முடிந்தால்?

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஓரளவு அதைத்தான் செய்கிறது. விலை மலிவு, பல பிள்ளைகளின் வலியைப் பெரிதும் குறைத்திருக்கிறது. 2023 கடைசியில் பிரிட்டனும் பிறகு அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி என்ற மரபணுச் சிகிச்சையும் அதே வழிதான். அரிவாள் எழுத்தை அது திருத்துவதில்லை. சிசு ஹீமோகுளோபினை நிறுத்திவைக்கும் பி.சி.எல்.11ஏ மரபணு என்ற பிரேக்கை ரத்தத் தண்டு செல்களில் வெட்டிவிடுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நோயாளிகள் பெரும்பாலும் வாழ்வது கொசுவலைக்கே காசு தேட வேண்டிய ஊர்களில்.

இதனால் பரம்பரை மாறுமா என்று கேட்பார்கள். மாறாது. வெட்டுவது ரத்தச் செல்களில் மட்டும். குணமானவர் தன் பிள்ளைக்கு அரிவாள் மரபணுவைத்தான் கொடுப்பார்.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஏ.எஸ்' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் நோயாளி அல்ல. மிகக் கடுமையான உடலுழைப்பு, உடம்பு நீர் வற்றிப்போவது, மிக உயரமான மலை ஏறுவது ஆகியவற்றில் மட்டும் கவனம் வேண்டும். சிறுநீரில் ரத்தம் போனால் டாக்டரிடம் 'ஏ.எஸ்' என்பதைச் சொல்லுங்கள். கரைதிறன் சோதனை மட்டும் செய்திருந்தால் அது கேரியரா நோயாளியா என்று பிரித்துக் காட்டாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

திருமணம் பேசும்போது துணைவருக்கும் பரிசோதிப்பது நல்லது. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு, இரண்டு வாய்ப்பு கேரியருக்கு, ஒன்று இரண்டும் இல்லாததற்கு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. துணைவர் பீட்டா தலசீமியா கேரியராக இருந்தாலும் பிள்ளைக்கு அரிவாள் நோய் வரலாம். இதைப் பலர் சோதிக்க மறந்துவிடுகிறார்கள்.

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிற ஒருவர், தனக்குத்தான் அரிவாள் பண்பு இருக்கிறதே, மலேரியா மாத்திரை எதற்கு என்று என்னிடம் கேட்டார். கட்டாயம் வேண்டும், கொசுவலையும் வேண்டும். அந்த 90 சதவீதம், கொசுக்கடியிலேயே வளரும் குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. விவாக்ஸ் மலேரியா வந்து பிரைமாகுவின் மாத்திரை கொடுக்கச் சொன்னால், அதற்கு முன் ஜி6பிடி பரிசோதனை எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.